எடைக்கு ஒரு ஆள்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பம்பரம். வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் மேசைக்குக் கீழே வலது கால் ஆடும். அதை நான் மிதித்துப் பிடித்தால் இடது கால் ஆரம்பிக்கும். சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் இடைவேளைக்குள் முன்சீட்டின் தளர்ந்த திருகாணியை நகத்தாலேயே முடுக்கிவிடுவார். எங்கள் மகள் பிறந்த அன்று நான் உள்ளே வலியில் கத்திக்கொண்டிருக்க, இவர் வெளியே ஒரு தள்ளுக்கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தில் சிக்கிய நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். குழந்தையைக் கொண்டுவந்து காட்டிய நர்ஸிடம், "ஒரு நிமிஷம், கை அழுக்கா இருக்கு" என்றாராம். இருபத்திநாலு வருஷமாகிறது. அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் குடிநீர் வாரியத்தில் பம்பு ஆபரேட்டர். ஊருக்குப் பின்னால் மலைமேல் ஒரு பெரிய தொட்டி, பக்கத்தில் ஒரு பம்பு அறை. அங்கே இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று தானாகவே ஓடும், தானாகவே நிற்கும். இன்னொன்று அவசரத்துக்கு. அந்த அவசரப் பம்பு துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் அதை ஓட்ட வேண்டும். ஓடுகிற நேரம் முழுக்க ஓர் ஆள் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

மலைக்குப் போகிற பாதை மூன்று கிலோமீட்டர் மண்பாதை, ஐந்து வளைவுகள். அடிவாரத்தில் ஒரு கேட், அதன் சாவி இவரிடம் மட்டும். வாரியத்தின் ஜீப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் உயிரை விட்டது. மாற்று வண்டி வருகிறது வருகிறது என்றார்கள், இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இவர் எங்கள் சொந்தக் காரில் ஏற ஆரம்பித்தார். சின்னக் கார், முன்சக்கரங்கள் இழுக்கிற வகை.

அதில்தான் வம்பு. மேடு ஏறும்போது வண்டியின் பாரமெல்லாம் பின்னால் போய்விடும், இழுக்க வேண்டிய முன்பக்கம் லேசாகிவிடும். அதிலும் நாலாவது வளைவில், நாங்கள் முழங்கை என்று சொல்கிற இடத்தில், மழைத் தண்ணீர் அறுத்த ஒரு பள்ளம் பாதைக்குக் குறுக்கே கிடக்கும். அதில் இறங்கினால் இடது முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். உடனே எஞ்சின் தன் பலத்தையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே வாரிக் கொடுக்கும். அது காற்றில் வெட்டியாகச் சுற்றும். நல்ல தரையில் நிற்கிற வலது சக்கரம் ஒன்றும் கிடைக்காமல் சும்மா இருக்கும். ஊதாரிப் பிள்ளையிடமே சொத்தை ஒப்படைக்கிற அப்பா மாதிரி ஓர் ஏற்பாடு. இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பங்கு போடுகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூடு செய்கிற வேலை அது.

முதலில் இவர் டிக்கியில் மணல் மூட்டை போட்டார். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு இன்னும் மோசமாகிவிட்டது. பிறகு மூட்டையை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுக் கட்டினார். பாதி பலன் கிடைத்தது. ஆனால் எந்த நொடியில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று மூட்டைக்குத் தெரியாதே. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வேலை செய்யும் கடை வாசலில் வந்து நின்றார். நான் திரைச்சீலை தைக்கிறவள். வாயில் குண்டூசிகளோடு எட்டிப் பார்த்தேன்.

"நீ எவ்வளவு இருப்ப?" என்றார்.

"என்ன எவ்வளவு?"

"எடை."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். குண்டூசியை விழுங்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம். அறுபத்தெட்டு கிலோ என்று அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் எனக்கு அரைநாள்தான் கடை, மீதி அரைநாள் மலை.

வேலை எளிது. முழங்கை வரும்போது இவர் "ம்" என்பார். நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னாலும் இடது பக்கமாகவும் சாய்ந்து, சீட்டிலிருந்து எழும்பி தொப்பென்று உட்காருவேன். ஒரு தடவை, இரண்டு தடவை. சக்கரம் தரையைக் கவ்வும், வண்டி ஏறிவிடும். பதினொரு வருஷத்தில் எந்தக் கல் எங்கே நகர்ந்தது என்று இவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "ம்" வருவதற்கு முன்னாலேயே நான் சாய்ந்திருப்பேன்.

அதற்காக நான் மலைக்குப் போனேன் என்று நினைக்காதீர்கள். போனது அந்த ஒரு மணி நேரத்துக்காக. பம்பு அறையில் பழைய குழாய்மேல் பலகை போட்டு ஒரு பெஞ்சு இருக்கும். பம்பைப் போட்டுவிட்டு இவர் உட்காருவார், நான் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவேன். பம்பு ஓடினால் தரை முழுக்க அதிரும். தரையே ஆடுவதாலோ என்னவோ, உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில் மட்டும் இவர் கால் ஆடாது. வாயும் திறக்கும். தன் அப்பா தன்னை அடித்தது, மகள் வேலைக்கென்று ஊரை விட்டுப் போன அன்றைக்குத் தான் பஸ் நிலையக் கழிப்பறையில் அழுதது, எல்லாம் அங்கேதான் சொன்னார். மழையில் நனைந்திருந்தால் பம்பின் மோட்டார்மேல் நான் கையை வைத்துக்கொள்வேன். ஜில்லென்று இருக்கும் இரும்பு அரைமணி ஓடிய பிறகுதான் இதமாகும். அதுவரை கையை எடுக்காமல் இவர் பேசுவதைக் கேட்பேன். மகள் போன பிறகு வீட்டில் நாங்கள் பேசுவது "கேஸ் தீர்ந்துடுச்சு", "ஆமா" என்கிற அளவில்தான். வாரத்தில் இரண்டு மணி நேரம் எனக்குப் புருஷன் உண்டு என்று கடையில் வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கையில்லை அது.

இதை நானே கெடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் ஒரு ஹோட்டலுக்கான பன்னிரண்டு திரைகளை நாலு விரற்கடை குட்டையாக வெட்டித் தொலைத்திருந்தேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தேன். முழங்கையில் சேறு. இரண்டு தடவை எழும்பி உட்கார்ந்தும் சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது. மூன்றாவது தடவை தலை கூரையில் நங்கென்று இடித்தது.

"இன்னொரு தடவை" என்றார் இவர், ரோட்டைப் பார்த்தபடியே.

"என்னை என்னன்னு நெனச்சிட்டிருக்கீங்க? மணல் மூட்டையா? எடைக்கு ஒரு ஆள் வேணும்னா வேற எதையாவது வாங்கி மாட்டிக்குங்க!"

நாலாவது தடவையில் வண்டி ஏறியது. பம்பு அறையில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ ஊற்றினேன். திரும்பும் வழியெல்லாம் இவர் கால் ஆடவேயில்லை. இவர் கால் நின்றால் உள்ளே ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இவரிடம் எதையும் புலம்ப முடியாது. கதவு கிரீச்சிடுகிறது என்றால் எண்ணெய்க் குப்பி வரும். தூக்கம் வரவில்லை என்றால் கட்டிலின் நாலு காலையும் மட்டம் பார்ப்பார். மனுஷி ஆற்றாமையில் ஒன்று சொல்வாள், ஆறியதும் மறந்துவிடுவாள் என்பது இவர் புத்தியில் ஏறாது. சொன்னது பழுதுப் புகார், புகாருக்குப் பரிகாரம் ரிப்பேர்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே எண்ணெய்த் தாள் சுற்றிய ஓர் இரும்புக் கூடு, இரண்டு கையாலும் ஏந்துகிற பளு. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றார். ஒரு சக்கரம் வழுக்கினால் பலத்தை மற்ற சக்கரத்துக்கு இது தள்ளிவிடுமாம். ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற சாமானாம். பரிசு வாங்கி வந்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி முகம் பூரித்திருந்தது.

"இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம்" என்றார். "நான் தனியாவே போயிட்டு வந்துடுவேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளை மறுபடி கழுவினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. எனக்குப் பதிலாக இரும்பை வாங்கி வைத்துக்கொண்டு இளிக்கிற மனுஷனிடம் என்ன சொல்வது?

வண்டியைப் பிரிக்கிற வேலை இவருடைய பழைய சிநேகிதர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. அவர் பட்டப்பெயர் ஆமை. ஒரு நட்டைக் கழற்றினால் துடைத்து, பார்த்து, தட்டில் வைத்து, தட்டை நேராக நகர்த்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். பம்பரமும் ஆமையும் ஒரே வண்டிக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்காதபடி, கிழிந்த சீட் உறைகளைத் தைத்துத் தருகிறேன் என்று நானும் போய் உட்கார்ந்தேன். வீட்டில் இருந்தால் நெஞ்சு அடைத்தது. அங்கே இருந்தாலும் அடைத்தது, ஆனால் என்ன நடக்கிறதென்று தெரிந்தது.

கியர்பாக்ஸை இறக்கி, இரண்டாகப் பிளந்து, பழைய டிஃபரன்ஷியலை வெளியே எடுத்தார்கள். அதைச் சுற்றிய பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி, புதுக் கூட்டில் மாட்ட வேண்டும். பத்து போல்ட். ஆமை கைகழுவப் போயிருந்தார். இவருக்குப் பொறுக்குமா? ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் ஒரு குழாயை நுழைத்து நீட்டி, முழுப் பலத்தையும் போட்டார். டக் என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை தனியாக வந்து என் காலடியில் உருண்டது.

ஆமை ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தார். "இதோட மரை எதிர்ப்பக்கம்பா. எல்லாரும் கழட்டற பக்கம் திருப்பினா இது இறுகும். தலையில அம்புக்குறி போட்டிருக்கான் பாரு."

"அவ்வளவு சின்னதா போட்டா யாரு பாப்பாங்க?"

"நின்னு பாக்கறவங்க பாப்பாங்க."

உடைந்த துண்டைத் தோண்டி எடுத்து, புது போல்ட் வருவதற்கு ஒரு வாரம் ஆனது. அந்தச் செவ்வாயும் வெள்ளியும் வாரியத்தில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் இவர் மட்டும் மலை ஏறினார். நான் வழக்கம்போல அரைநாளோடு கடையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வேலை ஒரு வாரம் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளுக்குள் குஷிதான். இன்னும் நாலைந்து போல்ட் உடையட்டும் என்றுகூட நினைத்தேன்.

உடையவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாம் மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தினார்கள். இவர் ஓடிப்போய் இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. பழைய டிஃபரன்ஷியலிலும் அப்படித்தான் சுற்றும். இவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏமாத்திட்டான்! வெறும் கூடு! இது ஒண்ணுமே பண்ணலையே. கழட்டு, திரும்பக் கழட்டு!"

என் மனசு துள்ளியதை மறைக்க ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆமை கந்தலில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. "கொஞ்சம் கேளு. இந்த வகை பல்சக்கரத்தால வேலை செய்யுது. ஒரு பக்கம் கொஞ்சமாவது தரையில பிடிப்பு இருந்தா, அதை ரெண்டு மூணு மடங்காப் பெருக்கி அடுத்த பக்கம் குடுக்கும். இப்ப ரெண்டு சக்கரமும் அந்தரத்துல இருக்கு. சைபரை எத்தனையால பெருக்கினாலும் சைபர்தானே?"

"அப்ப முழங்கையில சக்கரம் முழுசாத் தூக்கிட்டா?"

"தூக்கினா, ஆக்சிலேட்டரை விடாம இடது காலால பிரேக்கை லேசா மிதி. சுத்தற சக்கரத்தை பிரேக் பிடிக்கும். அந்தப் பிடிப்பே இதுக்குப் போதும். மத்த சக்கரம் இழுத்துடும். லேசா, புரியுதா? நீ மிதிக்கிற மிதி இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, இனி உங்களுக்கு விடுதலை" என்றார்.

"ஆமாண்ணா" என்றேன். தைத்துக்கொண்டிருந்த உறையை அன்றைக்குத் தலைகீழாகத் தைத்திருந்தேன். பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன்.

முதல் செவ்வாய், பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். நாலு மணிக்கு போன் வந்தது. "ஏறிடுச்சு! முழங்கையில லேசா சுத்துச்சு, அப்புறம் வலது பக்கம் பிடிச்சு இழுத்துச்சு பாரு, ஸ்டியரிங்கே கையை விட்டுப் பிடுங்கப் பாத்துச்சு!" நல்லதுங்க என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கு நான் முழுநாள் கடையில் இருந்ததைப் பார்த்து முதலாளி ஆச்சரியப்பட்டார். செவ்வாய் மத்தியானம் கடைக்குள் வெளிச்சம் எப்படியிருக்கும் என்றே பதினொரு வருஷமாக எனக்குத் தெரிந்ததில்லை. இரண்டரை மணி ஆனதும் உடம்பு தானாக எழுந்து பையைத் தேடியது. கழிப்பறைக்குப் போகிற மாதிரி போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு இப்போது பம்பைப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். மூன்றேகாலுக்கு அதையே மறுபடி நினைத்தேன். தையல் எந்திரத்தை மிதிக்காமல் இருக்கும்போதும் என் கால் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து எந்திரத்துக்காரி, "என்னக்கா, வீட்டுக்காரர் வியாதி ஒட்டிக்கிச்சா?" என்றாள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பிளாஸ்க் கனமாகத் திரும்பி வந்தது. திறந்து பார்த்தால் ஊற்றிய டீ அப்படியே இருக்கிறது.

"குடிக்கலையா?"

"நேரமில்ல."

ஒரு மணி நேரம் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு டீ குடிக்க நேரமில்லையாம். மலையிலிருந்து வந்தவுடனே இவர் வீட்டுக் குழாய்களை எல்லாம் கழற்ற ஆரம்பித்தார். ஒழுகாத குழாய்கள். அடுத்த செவ்வாய் வந்ததும் ஜன்னல் கொக்கிகள். அதற்கடுத்து மகளின் அறைக் கதவைக் கீலோடு கழற்றி, ஒரு பக்கம் இழைத்து, மறுபடி மாட்டினார். புதுச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், "பிரமாதம்" என்பார், முகத்தைப் பார்க்காமல். வேண்டாத வேலையாக ஒரு ராத்திரி கடிகாரத்தையும் பிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என்னை இறக்கிவிட்டு நிம்மதியாக ஏறிப் போகிற மனுஷனுக்கு வீட்டில் என்ன தவிப்பு வேண்டிக் கிடக்கிறது?

ஐந்து வாரம் இப்படிப் போனது. பிறகு மூன்று நாள் விடாத மழை. நாலாவது நாள், செவ்வாய், மழை தூறலாகக் குறைந்திருந்தது. மூன்றரை மணிக்கு என் செல்போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், கடையிலதான்."

"முழங்கையில மாட்டிக்கிட்டேன். பள்ளம் பெருசாயிடுச்சு. இடது சக்கரம் அந்தரத்துல நிக்குது."

"பிரேக்கை மிதிச்சுப் பாத்தீங்களா? ஆமை அண்ணா சொன்னாரே."

"பாத்தேன். சரியா வரல. நீ... வர முடியுமா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த இரும்பு தோற்றுவிட்டது என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையில் இருந்த திரையைப் பாதி மடிப்போடு பக்கத்துக்காரி மடியில் போட்டேன். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கினால், எப்போதும் உள்ளே போனதும் இவர் பூட்டிவிடுகிற கேட் அன்றைக்குப் பூட்டப்படாமல் ஒருக்களித்துக் கிடந்தது. அங்கிருந்து முழங்கைக்கு முக்கால் மணி நடை. பாதி தூரத்தில் செருப்பு சேற்றில் அறுந்தது. அறுந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். என்னவோ வாங்கினீர்களே, பந்தயக்காரர்கள் சாமான், இப்போது யார் வேண்டியிருக்கிறது? இப்படி ஒரு ஏழெட்டு வாக்கியம்.

முழங்கையில் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடது முன்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழையும். இவர் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையிலிருந்த அறுந்த செருப்பை வாங்கிக்கொண்டார். தயார் பண்ணின வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஏறு" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். சீட் எனக்குப் பழக்கமான தூரத்திலேயே இருந்தது, யாரும் நகர்த்தவில்லை. கிளட்சை விட்டார். சக்கரம் காற்றில் சுற்றியது. "ம்" வருவதற்கு முன்னாலேயே நான் சாய்ந்தேன், எழும்பி தொப்பென்று உட்கார்ந்தேன். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், வலது பக்கம் வெடுக்கென்று இழுத்தது. பழைய மாதிரி இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை எல்லாம் இல்லை. ஒரே தடவையில் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். ஸ்டியரிங் இவர் கையில் முரண்டியது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். இவரும் சிரித்தார்.

வளைவைத் தாண்டியதும் கண்ணாடி வழியே பாதையைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் ஈர மண்ணில் டயர்த் தடம் போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு தடம், அதே டயர், அதே பூ வேலைப்பாடு. காலையில் வாரியத்தார் யாராவது வந்திருப்பார்களோ என்று நினைத்தேன். சாவி இவரிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. உறைத்தாலும், எதற்கு வீண் யோசனை என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்த நேரத்தில் ஜெயித்த மிதப்பு.

பம்பு அறைக்குள் போனோம். பெஞ்சு அப்படியே இருந்தது. கடைசியாக வந்த அன்றைக்கு நான் விட்டுப்போன கைக்குட்டை, துவைத்து உலர்த்தி, சுவிட்சுப் பெட்டிமேல் மடித்து வைத்திருந்தது. உடம்பெல்லாம் நனைந்து கை விறைத்திருந்தது. இவர் சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலேயே, பழக்கத்தில், அவசரப் பம்பின் மோட்டார்மேல் இரண்டு கையையும் வைத்தேன்.

சூடாக இருந்தது.

கையை எடுக்கவில்லை. அரைமணி ஓடினால் வருகிற சூடு எனக்குத் தெரியும். இது முழுசாக ஒரு மணி ஓடி நின்று, இன்னும் ஆறி முடிக்காத மோட்டாரின் சூடு. மேலே போன தடம், கீழே வந்த தடம், பூட்டாத கேட், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. இவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். திருட்டுத்தனம் பண்ணத் தெரியாத மூஞ்சி.

"பிரேக் மிதிச்சா சரியா வரலன்னீங்க."

"ம்."

"எப்ப மேல வந்தீங்க?"

"ரெண்டு மணிக்கு. லேசா மிதிச்சேன். ஆமை சொன்ன மாதிரியே ஏறிடுச்சு. பம்பைப் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வண்டியைக் கீழ எறக்கி, திருப்பிக் கொண்டாந்து, மறுபடி பள்ளத்துல விட்டேன். சரியா மாட்ட மாட்டேன்னுச்சு. மூணு தடவை ஏறி ஏறி வந்துடுச்சு. நாலாவது தடவைதான் நின்னுச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏறுகிற வண்டியை ஏறாமல் நிறுத்த இந்த மனுஷன் மழையில் அத்தனை பாடுபட்டிருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, வா என்று கேட்டிருந்தால் போதும். அதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நான் கத்தியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கும் இத்தனை வாரமாக வாய் வரவில்லையே. யாரைக் குறை சொல்ல?

"நீதான் மூட்டை இல்லன்ன" என்றார் இவர், அழுத்தமானியைப் பார்த்தபடி. "அதான் உன்னை விட்டுட்டு வரேன்னு இதை வாங்கினேன். இங்க தனியா உக்காந்தா ஒரு மணி நேரம் போக மாட்டேங்குது. முள்ளு நகரவே மாட்டேங்குது."

மோட்டார்மேலிருந்து கையை எடுக்காமலே சொன்னேன். "பம்பைப் போடுங்க."

"இன்னைக்கு ஓட்டியாச்சே."

"பரவாயில்ல, போடுங்க."

போட்டார். தரை அதிர ஆரம்பித்தது. வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ கொண்டுவரவில்லை. என் அறுந்த செருப்பை எடுத்து, பையிலிருந்த கம்பியால் வாரைக் கோத்து முறுக்க ஆரம்பித்தார். அவர் கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஆடவில்லை.

"வெள்ளிக்கிழமை மூட்டை எத்தனை மணிக்கு ரெடியா இருக்கணும்?" என்றேன்.

"ரெண்டரை" என்றார் இவர்.